பதிவுக்கு அடியில் இருந்த பட்டன்கள்

போன வாரம் ஆடுதுறையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். பத்து வருஷமாக நான் எழுதுவதைப் படிப்பவர்கள். எப்போதும் முதலில் உடம்பைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். இந்தத் தடவை எடுத்த எடுப்பில், "ஏன் சார், அடியில இருந்த பட்டனையெல்லாம் எடுத்துட்டீங்க? பெங்களூர்ல இருக்கிற என் பொண்ணுக்கு அனுப்பலாம்னு தேடித் தேடிப் பார்க்கிறேன், காணோம்" என்றார்கள். இதே கேள்வியைக் கும்பகோணத்திலிருந்தும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவர், தன் போனில்தான் கோளாறு என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப்போய் நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். காரணத்தை எழுதிவிடுகிறேன்.

பட்டன்களை எடுத்தது இந்தத் தை மாதம். எடுத்தவன் நான்தான். எடுத்ததற்குக் காரணம் ஒரு வாத்தியாரின் கால் விரல். அதைச் சொல்வதற்கு முன்னால், இந்தப் பட்டன்கள் என் எழுத்துக்கு அடியில் எப்படி வந்து உட்கார்ந்தன என்று சொல்லவேண்டும்.

காரைக்காலில் புதுச்சேரி அரசின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, 2008-ல் ஓய்வு பெற்று, அப்பாவின் ஊரான திருவிடைமருதூருக்கு வந்து சேர்ந்தவன் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தான். இரண்டு கட்டுரை எழுதினேன். ஈ காக்கை வரவில்லை. "மாமா, எழுதி வெச்சா மட்டும் யாரும் வரமாட்டாங்க, திரட்டியில சேர்க்கணும்" என்றான். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரட்டுப்பால்தான்.

அப்போது தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தமிழ்மணம்தான் கடைத்தெரு. காசி ஆறுமுகம் என்பவர் 2004-ல் தொடங்கியது. யார் எங்கே புதிதாக எழுதினாலும் அதன் முகப்பில் தலைப்பு வந்துவிடும். என் மூன்றாவது கட்டுரைக்குப் பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு பேரும் அந்த வழியாக வந்தவர்கள்தான். அதை மறந்துவிட்டுப் பேசினால் நான் நன்றி கெட்டவன். பிறகு தமிழிஷ் வந்தது, அது இண்ட்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. தமிழ்10, உலவு என்று இன்னும் சில வந்தன. அமெரிக்காவில் டெலிஷியஸ் 2003-லும் டிக் 2004-லும் தொடங்கிச் செய்துகொண்டிருந்ததைத்தான் இவர்கள் தமிழில் செய்தார்கள். படித்தது பிடித்திருந்தால் அதன் முகவரியை ஊரறியக் குறித்து வைப்பது, ஓட்டுப் போடுவது, ஓட்டு அதிகம் விழுந்ததை மேலே ஏற்றுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். 2010-ல் ஃபேஸ்புக்காரர்கள் தங்கள் லைக் பட்டனை யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா மகன் அதையும் வைத்தான். ஒரு கட்டத்தில் கட்டுரை ஒன்றரைப் பக்கம் என்றால் பட்டன்கள் அரைப் பக்கம். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுச் சுவர் மாதிரி இருந்தது.

அந்த ஓட்டு எப்படி விழும் என்பது அந்தக் காலத்தில் எழுதியவர்களுக்குத் தெரியும். நம் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் நோட்டைப் பார்த்துத்தானே மொய் எழுதுகிறோம்? அவர் நமக்கு 51 வைத்திருந்தால் நாம் 101. அதே கணக்குதான். அதற்குப் பெயரும் மொய்தான், நானாகச் சொல்லவில்லை. ஓட்டுப் போட்டவர் கீழே "அருமை, த.ம. 1" என்று எழுதிவிட்டுப் போவார். தமிழ்மணத்தில் உனக்கு முதல் ஓட்டு என்னுடையது, மறந்துவிடாதே என்று அர்த்தம். அடுத்தவர் த.ம. 2. நானும் செய்தேன். காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மொய் எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். படிப்பது கிடையாது. தலைப்பும் முதல் வரியும் போதும்.

ஒரு நாள் அப்படித்தான், ஒரு நண்பரின் பதிவுக்கு "அருமையான பகிர்வு, த.ம. 3" என்று எழுதிவிட்டேன். தலைப்பு "அம்மாவின் சமையலறை" என்பது போல ஏதோ ஒன்று. முதல் வரி ரசத்தைப் பற்றி. கடைசிப் பத்தியில்தான் அந்த அம்மா முந்தின வாரம் காலமான செய்தி இருந்தது. சாயங்காலம் வேறு யாரோ எழுதிய இரங்கலைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நான் தனியாக ஒரு கடிதம் எழுதினேன், பதில் வந்தது, மரியாதையாகவே வந்தது. ஆனால் அதன் பிறகு அவர் என் பக்கம் வரவில்லை. அன்றோடு மொய்யை நிறுத்தினேன். என் ஓட்டுகளும் குறைந்தன, சொல்லவேண்டியதில்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இருந்திருக்கக் கூடாது. ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்ததுதான். சுற்றறிக்கை ஒன்று மேஜை மேஜையாக வரும். ஓரத்தில் நம் பெயருக்கு நேரே சுருக்கொப்பம் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளவேண்டும். ஒருமுறை சைக்கிள் அட்வான்ஸுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி போட்டு வந்தது. பதினான்கு பேர் சுருக்கொப்பம் போட்டோம். தேதி தாண்டிய பிறகு பதினான்கு பேரும் "எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்று சூப்பரின்டெண்ட் முன்னால் போய் நின்றோம். அவர் பேசாமல் அந்தத் தாளை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

பட்டன்களால் நல்லதே நடக்கவில்லையா என்றால், நடந்தது. எனக்கு நடந்த பெரிய நல்லது ஒன்று உண்டு.

நான் படித்தது காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். தித்தே என்று சொல்வதெழுதுதல் வைப்பார்கள். ஐந்து தப்பு இருந்தால் பூஜ்யம். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஆறாவது தப்பைச் செய்துவிட்டு நிம்மதியாகச் சிரிப்பான், இனி எத்தனை தப்பு வந்தால் என்ன என்று. அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருந்துகொள்ளலாம் என்று இருந்தது. அவர்கள் குடும்பம் எழுதிக் கொடுத்தது. கொஞ்ச நாளில் கப்பலேறிப் போனார்கள். இரண்டு கடிதம் வந்தது, பிறகு இல்லை.

2013-ல் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன், இந்த ஆறாவது தப்பையும் சேர்த்து. யாரோ லைக் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள், அதை யாரோ பார்த்து மேலே தள்ளியிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்துப் பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் பிரெஞ்சில் எழுதினாள். "என் அப்பாவுக்குத் தமிழ் பேச வரும், இப்போது படிக்கக் கண் தெரியவில்லை. என் சித்தி வாசித்துக் காட்டினார்கள். ஆறாவது தப்பு தான்தான் என்கிறார்." ஐம்பது வருஷம் கழித்து! அதற்குப் பிறகு நாலு வருஷம், அவன் போகும் வரை, ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசிக்கொண்டிருந்தோம். நான் கோப்பு கட்டி, நகல் எடுத்து, தபாலில் அனுப்பித் தேடியிருந்தால் அவனைக் கண்டுபிடித்திருப்பேனா?

ஆகவே பட்டன்களின் பேரில் எனக்குக் கோபம் இருக்கவில்லை. அவை தாமாகவே ஒவ்வொன்றாகச் செத்தன. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் போனது. நான் பிற்பாடு படிக்கலாம் என்று சேர்த்துவைத்திருந்த பட்டியல்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. திரட்டிகளில் கூட்டம் குறைந்து, எல்லோரும் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். 2019-ல் கூகுள் பிளஸ்ஸை மூடினார்கள். பட்டன்கள் மட்டும் என் பக்கத்தில் அப்படியே இருந்தன. அழுத்தினால் எங்கேயும் போகாது. கடைசியில் வேலை செய்தவை மின்னஞ்சல், ஃபேஸ்புக், ட்விட்டர், வாட்ஸப் என்று நாலுதான்.

இனி வாத்தியார்.

எங்கள் தெருவிலேயே இருப்பவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னைக் "காரைக்கால் சார்" என்றுதான் கூப்பிடுவார். இருபது வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் கார்த்திகையில் கும்பகோணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். பிறகுதான் ஆரஞ்சு வாங்கியிருக்கக் கூடாது என்று உறைத்தது, அதைக் கீழே பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இடது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். "ஆவணியிலேருந்து மாத்திரையை நிறுத்திட்டேன் சார், ஆவாரம்பூ கஷாயம்தான் குடிச்சேன்" என்றார். "யார் சொன்னா?" என்றேன். தலைகாணிக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினார்.

பலமுறை அனுப்பப்பட்டது என்பதற்கான இரட்டை அம்புக்குறி மேலே இருந்தது. கீழே படித்தேன். "முக்கால் ஆழாக்குக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர் வைத்து, அம்மி ஓரத்தில் நசுக்கிய பூவை..." ஆழாக்கிலே இப்போது யார் அளக்கிறார்கள்? அது என் அம்மா சொல்லும் அளவு. "அம்மி ஓரத்தில்" என்பது என் வார்த்தை. 2019-ல் நான் எழுதிய கட்டுரை அது.

முழுக் கட்டுரை அல்ல, நடுவில் இரண்டு பத்தி. அம்மா அந்தக் கஷாயத்தைக் குடித்தாள், உண்மை. ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு வேளையும் விட்டதில்லை. விட்ட ஒரே ஒரு முறை, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதைக் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். அந்தப் பத்தியைக் காணோம். அதற்குப் பதிலாக "இதைக் குடித்தால் மாத்திரையே தேவையில்லை, பெரிய டாக்டர் ஒருவர் சொன்னது, ஓர் உயிரைக் காப்பாற்ற அனைவருக்கும் அனுப்புங்கள்" என்று வேறு யாரோ சேர்த்திருந்தார்கள். என் பெயர் இல்லை. இல்லாததற்கு அந்த நிமிஷம் நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

வாத்தியாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது ஆரஞ்சைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதமெல்லாம் அந்தக் கட்டுரையைத் திறப்பேன், மூடுவேன். தை பிறந்ததும் ஒரு ராத்திரி உட்கார்ந்து நாலு பட்டனையும் எடுத்தேன். இனி என் எழுத்து என் பக்கத்திலேயே கிடக்கட்டும், வேண்டுமென்றால் வந்து படிக்கட்டும் என்று.

சித்திரை விடுமுறைக்கு வந்த பேரன்தான் என் கணக்கில் தப்பு கண்டுபிடித்தான். எஞ்சினியரிங் படிக்கிறான். முழுக் கதையையும் அவனிடம் மட்டும் சொன்னேன். "தாத்தா, பட்டனை அழுத்தினா என்ன போகும்?" என்றான். "கட்டுரை போகும்." "இல்ல, கட்டுரையோட முகவரி மட்டும்தான் போகும். அதைத் தொட்டா உங்க பக்கத்துக்கு வந்து முழுசாத்தான் படிக்கணும், கடைசிப் பத்தியோட. வாத்தியாருக்கு வந்தது பட்டன் வழியா வந்ததில்ல. யாரோ நடுவுல ரெண்டு பத்தியை நகல் எடுத்து ஒட்டினது. நீங்க பட்டனை எடுத்துட்டீங்க. இனிமே உங்க எழுத்து பிடிச்சவங்க எப்படி அனுப்புவாங்க? நகல் எடுத்துத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. வாழ்நாள் முழுவதும் நகல் எடுத்தவன் நான். ஐந்து தாளுக்கு நடுவே கார்பன் வைத்துத் தட்டினால் ஐந்தாவது நகலில் பாதி எழுத்து விழாது. அந்த ஐந்தாவது நகலைப் பார்த்து இன்னொருவர் நகல் எடுப்பார். அதனால்தான் எந்த உத்தரவை மேற்கோள் காட்டினாலும் எண்ணையும் தேதியையும் மேலே போடவேண்டும் என்று விதி. சந்தேகம் வந்தால் மூலக் கோப்பைத் தேடிப் போகலாம். வாத்தியாருக்கு வந்த செய்தியில் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. பட்டன் என்ற ஒன்று செய்யக்கூடிய உருப்படியான வேலை அந்த எண்ணையும் தேதியையும் கூடவே அனுப்புவதுதான். அதைத்தான் நான் எடுத்துக் கடாசியிருந்தேன்.

"அப்போ சும்மா அழுத்திட்டுப் போறவங்க?" என்று விடாமல் கேட்டேன். அந்தக் காலத்தில் சாமி பேரில் போஸ்ட் கார்டு வரும், நினைவிருக்கிறதா? பத்துப் பேருக்கு எழுதினால் புதையல் கிடைக்கும், கிழித்துப்போட்டால் ரத்தம் கக்கிச் சாவாய் என்று. அம்மா பயந்துபோய் என்னை உட்கார்த்தி வைத்து எழுதச் சொல்வாள். கார்டு 15 காசு, பத்துக் கார்டு ஒன்றரை ரூபாய். ஆறு எழுதியதும் கை வலிக்கும், மீதி நாலை அலமாரியில் போட்டுவிடுவேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கைவலிதான் பாதிக் கார்டுகளைத் தடுத்தது என்பது என் எண்ணம். வாட்ஸப்காரர்களுக்கே இது புரிந்திருக்கிறது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வைத்தார்கள். 2020 ஏப்ரலில், பலமுறை சுற்றிய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. வாத்தியாருக்கு வந்தது மீதி 30-ல் ஒன்று.

பேரன் இன்னொன்றும் சொன்னான். நான் எடுத்த பட்டன்களில் ஃபேஸ்புக்காரர்கள் கொடுத்த நிரலோடு வந்த லைக் பட்டன், யாரும் அழுத்தாவிட்டாலும், பக்கத்தைத் திறந்தவரைப் பற்றி அங்கே தகவல் சொல்லிவிடுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் இன்னும் பிரெஞ்சுச் செய்திகளை விடாமல் படிக்கிறவன், தேடிப் பார்த்தேன். இருந்தது. ஜெர்மனியில் துணி விற்கும் ஓர் இணையக் கடை மேல் வழக்கு. 2019 ஜூலை 29-ல் ஐரோப்பிய நீதிமன்றம், லைக் பட்டனைப் பதித்து வைத்த கடைக்காரரும் அந்தத் தகவலைச் சேகரித்து அனுப்புவதற்கு ஃபேஸ்புக்கோடு கூட்டுப் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. பத்து வருஷமாக என் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் பெயரையெல்லாம் நான் யாருக்கோ எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல். பட்டன் வரிசைகளை இலவசமாகக் கொடுத்துவந்த ஆட்திஸ் கடையை 2023 மே 31-ல் மூடிவிட்டார்கள். பல பேர் பக்கங்களில் அந்த இடம் இப்போது வெறும் பொட்டலாகக் கிடக்கிறது.

ஆகவே புது ஏற்பாடு. நிரல் கிரல் ஒன்றும் கிடையாது. எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற எண்ணிக்கை கிடையாது, ஓட்டு கிடையாது. கட்டுரை முடிந்ததும் ஒரே வரி, "இதை முழுதாக அனுப்ப" என்று. தொட்டால் வாட்ஸப் திறக்கும், அல்லது மின்னஞ்சல். அதைத் தொடும்வரை எந்த நிறுவனத்துக்கும் எதுவும் போகாது என்று பேரன் சத்தியம் செய்கிறான். அந்த வரியை மேலே வைக்கலாமே என்று அவன் கேட்டதற்கு மறுத்துவிட்டேன். கடைசிப் பத்தியைத் தாண்டித்தான் வரட்டும். ஆவாரம்பூ கட்டுரையில் மாத்திரை விஷயத்தை முதல் பத்திக்கு ஏற்றிவிட்டேன், நடுவிலும் ஒரு முறை எழுதிவிட்டேன். வாசிக்க இடறும், இடறட்டும்.

இதை ஏற்றுவதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். இப்போது கட்டை வைத்துக்கொண்டு கோயில் வரைக்கும் நடக்கிறார். சொன்னேன். நான் எழுதியது, அம்மாவின் ஆழாக்கு, பட்டன், எல்லாவற்றையும். ஒன்பது மாதம் சொல்லாமல் இருந்ததையும். அவர் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "முழுசையும் காட்டுங்க" என்றார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டைத் திருத்துகிற மாதிரி வரி வரியாகப் படித்தார். நான் 2019-ல் எழுதியபடியே, கடைசிப் பத்தி கடைசியில் இருக்கும் பழைய பிரதியைத்தான் காட்டினேன்.

"இதுவே வந்திருந்தாலும் நான் கடைசி வரைக்கும் படிச்சிருப்பேனான்னு தெரியலை, காரைக்கால் சார்" என்றார்.

பிறகு, "மாத்தி எழுதினதை எனக்கு அனுப்புங்க. எனக்கு அனுப்பினது மச்சினன்தான், அவனுக்கு நான் அனுப்பறேன். அவனுக்கு யார் அனுப்பினாங்களோ, அவங்களுக்கு அவன் அனுப்பட்டும்" என்றார். அங்கேயே உட்கார்ந்து அந்த வரியைத் தொட்டேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு டம்ளரிலும் சர்க்கரை இல்லை.